கண்ணாடிக்குள் திரும்பிய முப்புரி: கொலாஜனை மெய்நிகர் வடிவில் கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னந்தோப்புகள் சூழ்ந்த மேற்கு மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் நடந்தது இது. அங்கே இளநிலை மூன்றாம் ஆண்டுக்குப் புரத அமைப்புப் பாடம் எடுப்பவள் நான். மாணவர்கள், உடன் வேலை செய்தவர்கள் யாருடைய பெயரையும் இதில் சேர்க்கவில்லை. எழுதப்போகிறேன் என்று சொல்லி அவர்களிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே எழுதுகிறேன்.

கல்லூரிக்கு இரண்டு குவெஸ்ட் 2 வி.ஆர். ஹெட்செட்டுகள், அதாவது கண்ணில் மாட்டினால் மெய்நிகர் உலகம் முப்பரிமாணமாகத் தெரியும் கருவிகள், வாங்கியிருந்தார்கள். கல்லூரிக் கண்காட்சியின்போது பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மாட்டிக்கொண்டு ரோலர் கோஸ்டர் ஓட்டிப் பார்த்தார்கள். அதன்பிறகு அவை கணினித் துறை பீரோவிலேயே கிடந்தன. பாடத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்று முதல்வர் கேட்டபோது, முடியும் என்று கை தூக்கியது நான்தான். பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வி அதற்குக் காரணம்.

கொலாஜன் என்ற புரதத்தில், சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது வரும். ஏன் என்று தேர்வில் கேட்டால் எல்லோரும் ஒரே விடை எழுதுவார்கள்: "ஏனெனில் கிளைசின்தான் மிகச் சிறிய அமினோ அமிலம்." முழு மதிப்பெண் போடுவோம். எழுதியவரைக் கூப்பிட்டு, "சரி, அந்தக் கிளைசின் இந்தப் படத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, காட்டு" என்றால் விரல் எங்கெங்கோ போகும். சிறியது என்பது தெரிகிறது. சிறியதாக இருக்கவேண்டிய அவசியம் எந்த இடத்தில் வந்தது என்பது தெரிவதில்லை.

ஏன் கொலாஜன்

நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் புரதம் கொலாஜன். மூன்று சங்கிலிகள் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்பக்கம் முறுக்கியிருக்கும். மூன்றும் சேர்ந்த பெருஞ்சுருள் வலப்பக்கம் முறுக்கியிருக்கும். இதன் நடு அச்சில் இடமே கிடையாது. மூன்று சங்கிலிகளும் மாற்றி மாற்றித் தம் மூன்றாவது அமினோ அமிலத்தை அந்த நடுவுக்குள் நுழைக்கின்றன. அங்கே ஓர் ஒற்றை ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் இடமுண்டு. பக்கக் கிளையாக வெறும் ஹைட்ரஜனை வைத்திருப்பது கிளைசின் மட்டுமே.

இந்த அமைப்பைக் கண்டறிந்த கதை சென்னையோடு கலந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜனின் மும்மைச் சுருளை 1954இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்தார். சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும் திருத்திய வடிவம் 1955இல் வந்தது. அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் வேலை செய்த ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஓர் ஆட்சேபம் எழுப்பினார்கள். மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னை வடிவம் சொல்கிறது. அப்படி வைத்தால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடுகின்றன. ஒரு பிணைப்புக்குத்தான் இடம் என்றார்கள். இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்வரை நெருங்கலாம் என்பதை முறையாகக் கணக்கிட்டுப் பார்க்கச் சென்னைக் குழுவைத் தூண்டியது அந்த விவாதம்தான். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து ராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம் அதிலிருந்து பிறந்தது. இன்று உலகெங்கும் புரத அமைப்பைச் சரிபார்ப்பவர்கள் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ஆக, கொலாஜன் பாடத்தின் உயிர் நெருக்கத்தில் இருக்கிறது. எது எதை இடிக்கிறது, எங்கே இடம் இல்லை என்பதுதான் கேள்வி. தாளில் வரைந்த படத்தில் நெருக்கம் தெரியாது. ஆழம் தெரியும் ஒரு கருவி கையில் இருக்கும்போது அதை இதற்குப் பயன்படுத்தாமல் வேறு எதற்கு என்று தோன்றியது.

முதல் வடிவம்

கணினித் துறை முதுநிலை மாணவர் ஒருவர் இதைத் தன் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டார். புரதத் தரவு வங்கியிலிருந்து 1சிஏஜி என்ற கோப்பைத் தேர்ந்தெடுத்தோம். அது 1994இல் வெளியான, கொலாஜனைப் போன்ற ஒரு செயற்கைப் பெப்டைடின் படிக அமைப்பு. சங்கிலிக்கு முப்பது அமினோ அமிலம், மூன்று சங்கிலி. அதில் ஒரு சிறப்பு உண்டு: ஒவ்வொரு சங்கிலியிலும் நடுவில், பதினைந்தாவது இடத்தில், கிளைசினுக்குப் பதில் அலனின் வைத்துச் செய்திருப்பார்கள். கொலாஜனின் கிளைசின் ஒன்று மாறினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகவே செய்தது. நம் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான கோப்பு கிடையாது.

எக்ஸ் கதிரில் தெரியாத ஹைட்ரஜன்களை கைமேராஎக்ஸ் மென்பொருளில் சேர்த்துக்கொண்டோம். அதிலிருந்தே முப்பரிமாண வடிவமாக ஏற்றுமதி செய்திருக்கலாம். ஒவ்வொரு அணுவையும் கையால் பிடித்து இழுக்க முடியவேண்டும் என்று நான் கேட்டதால், கோப்பை நேராகப் படித்து, வி.ஆர். காட்சிகளை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் அணு அணுவாக வைக்கும் சிறு நிரலை அந்த முதுநிலைத் தம்பி தானே எழுதினார். இந்த முடிவு பின்னால் எங்களைப் பிடித்துக்கொண்டது.

ஒரு ஆங்ஸ்ட்ராமை (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருபது சென்டிமீட்டராக வைத்தோம். அதாவது இருநூறு கோடி மடங்கு பெருக்கம். சுருள் பதினேழு மீட்டருக்கு நீண்டது. உள்ளே பறந்து போகலாம். பின்னணியில் கருநீல வெளி, அணுக்களில் மினுமினுப்பு, மெல்லிய இசை. நானே முதலில் மாட்டிப் பார்த்து வாய் பிளந்து நின்றேன்.

தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் வேறொரு சிக்கல் வந்தது. நாங்கள் பயன்படுத்திய யூனிட்டியின் எழுத்துக் கருவி தமிழின் உயிர்மெய்யைச் சேர்த்து அமைக்கவில்லை. 'கொலாஜன்' என்று கொடுத்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் பிரிந்து நின்றன. ஒவ்வொரு சொல்லையும் படமாக எடுத்து ஒட்டினோம். பிள்ளைகள் தங்கள் மொழியில் படிக்கிற பலகை உடைந்த எழுத்தில் நிற்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த இரண்டு நாள் உழைப்பு வீணில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

முதல் வாரத்தில் கண்டது

செய்முறை வகுப்பில் நான்கு நான்கு பேராக அனுப்பினோம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. வெளியே வந்தவர்கள் வராந்தாவில் நின்று அடுத்த அணிக்குக் கதை சொன்னார்கள். நான் மகிழ்ந்துபோய் ரெக்கார்டு நோட்டில் ஒரு சிறு வேலை கொடுத்தேன்: சுருளைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று வரைந்து, கிளைசின் இருக்கும் இடத்தைக் குறியுங்கள்.

பெரும்பாலானவர்கள் கிளைசினைச் சுருளின் வெளிப்பக்கத்தில் குறித்திருந்தார்கள். பார்க்காதவர்கள் வரைந்ததற்கும் பார்த்தவர்கள் வரைந்ததற்கும் என்னால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பெண் மட்டும் மிக அழகாக, நிழலெல்லாம் கொடுத்து வரைந்திருந்தாள். அதிலும் கிளைசின் வெளியேதான்.

மக்ரான்ஸ்கி, மேயர் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். ஒரே ஆய்வகப் பாடத்தைத் திரையிலும் வி.ஆரிலும் கொடுத்துப் பார்த்ததில், வி.ஆரில் பார்த்தவர்களுக்கு "நானே அங்கு இருந்தேன்" என்ற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. எங்களிடமும் அதேதான் நடந்திருக்கிறது. பறப்பதிலேயே கவனம் போய்விட்டது. பதினேழு மீட்டர் சுருளுக்குள் நிற்பவருக்கு எது நடு, எது ஓரம் என்றே தெரியாது. காட்டுக்குள் நிற்பவருக்குக் காட்டின் வடிவம் தெரியாததுபோல.

சிலருக்குத் தலை சுற்றியது. ஒரு மாணவி வாந்தி எடுத்துவிட்டார். உடல் நாற்காலியில் இருக்க, கண் மட்டும் பறந்ததுதான் காரணம். அன்றே பறக்கும் வசதியை நிறுத்தினோம்.

"இது வேற கைங்க"

நான்காவது அணியில் ஒரு பையன். பொள்ளாச்சிப் பக்கத்து ஊர். வீட்டில் கயிறு திரிக்கும் தொழில். வகுப்பில் அதிகம் பேசமாட்டான். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தவன் வெளியே போகாமல் சுவரில் இருந்த பழைய கொலாஜன் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா?" என்றேன்.

"மேடம், இந்தப் படத்துல இருக்கற கயிறு ஒரு கைங்க. உள்ள பாத்தது வேற கைங்க."

போஸ்டரில் நம் பக்கம் தெரியும் புரிகள் இடக்கீழிருந்து வலமேலாக ஏறியிருந்தன. உள்ளே அவன் பார்த்தது வலக்கீழிருந்து இடமேலாக ஏறியது என்றான். நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: "நீ வேற பக்கத்துல இருந்து பாத்திருப்ப. திரும்பி நின்னா மாறித் தெரியும்."

அவன் தயங்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இல்லைங்க மேடம். கயித்தை எப்படித் திருப்பிப் புடிச்சாலும் முறுக்கு மாறாதுங்க. தலைகீழாப் புடிச்சாலும் அதே முறுக்குதாங்க."

அவன் சொன்னது முற்றிலும் சரி. சுருளின் கை, அதாவது அது முறுக்கியிருக்கும் திசை, பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது அல்ல. இருபது ஆண்டாக இந்தப் பாடத்தை எடுக்கும் நான் தவறாகச் சொன்னேன். ராட்டையில் நாரை மாட்டிப் பின்னால் நடந்து நடந்து புரி விட்டுப் பழகிய கை அவனுக்கு. எந்தப் பக்கம் விட்ட புரியை எந்தப் பக்கம் முறுக்கினால் கயிறு நிற்கும், எப்படி முறுக்கினால் பிரிந்துபோகும் என்பது சிறுவயதிலேயே அவன் கண்ணில் படிந்த செய்தி.

அன்று மாலையே மடிக்கணினியில் அதே கோப்பைத் திறந்து பார்த்தேன். போஸ்டரைப் போலத்தான் இருந்தது. ஹெட்செட்டை மாட்டினேன். எதிர்க்கை. இன்னும் ஒருமுறை உறுதி செய்துகொள்ள புரோலின் என்ற அமினோ அமிலம் ஒன்றின் ஆல்ஃபா கார்பன் (பக்கக் கிளை ஒட்டியிருக்கும் கார்பன்) முன்னால் போய் நின்றேன். ஹைட்ரஜன் நம் முகத்துக்கு நேராக இருக்கும்படி வைத்து மற்ற மூன்றையும் படிக்கவேண்டும்: சிஓ (கார்பனைல்), ஆர் (பக்கக் கிளை), என் (நைட்ரஜன்). நம் உடலில் உள்ள எல்-அமினோ அமிலத்தில் இந்த வரிசை கடிகார முள் சுற்றும் திசையில் வரும். மாணவர்களுக்கு 'கார்ன்' விதி என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எனக்கு முன்னால் அது எதிர்த்திசையில் வந்தது. உயிருள்ள எந்த உடலும் கொலாஜனுக்குப் பயன்படுத்தாத டி-அமினோ அமிலங்களால் ஆன ஒரு கண்ணாடிப் பிம்பத்தைத்தான் நான்கு அணி மாணவர்களுக்குக் காட்டியிருந்தோம்.

காரணம் எளிது. தரவு வங்கிக் கோப்பில் எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் வலக்கை முறையில் அமைந்தவை. யூனிட்டி இடக்கை முறை. எண்களை அப்படியே எடுத்து வைத்தால் உருவம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். முறையான ஏற்றுமதி வழியில் போயிருந்தால் மென்பொருளே இதைத் திருத்தியிருக்கும். நாங்கள் சொந்த நிரல் எழுதியதால் அந்தத் திருத்தம் விடுபட்டது.

இதை ஏன் முன்பே பிடிக்கவில்லை? நான் சோதிக்காமல் விடவில்லை. அணுக்களின் எண்ணிக்கை, பிணைப்பு நீளம், பிணைப்புக் கோணம் எல்லாம் அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தன. கண்ணாடிப் பிம்பத்தில் தூரமும் மாறாது, கோணமும் மாறாது. கை மட்டுமே மாறும். நான் செய்த எந்தச் சோதனையிலும் இது மாட்டியிருக்காது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மறைக்காமல் சொல்வது. சத்தமில்லாமல் கோப்பை மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன். ஹெட்செட்டுக்குள் பார்த்ததை மாணவர்கள் படமாக நினைவில் வைப்பதில்லை. போய் வந்த இடமாக வைத்திருக்கிறார்கள். "நான் பார்த்தேன்" என்பார்கள். அப்படி ஆழமாகப் பதிந்ததை நாமே சொல்லித் திருத்தாவிட்டால் வேறு யாரும் திருத்தப்போவதில்லை.

நான்கு அணிகளையும் திரும்பக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்பதையும், நான் என்ன தவறான பதில் கொடுத்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அந்தப் பையன் மறுநாள் வீட்டிலிருந்து மூன்று புரிக் கயிறு ஒரு முழமும், எதிர்த்திசையில் முறுக்கிய இன்னொன்றும் கொண்டுவந்தான். இரண்டையும் கையில் கொடுத்து, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், முறுக்கு மாறுகிறதா என்று கேட்டோம். ஒவ்வொருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு புரி, மூன்று புரி என்று பிரித்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது: புரியின் முறுக்கு ஒரு பக்கம், கயிற்றின் முறுக்கு எதிர்ப்பக்கம். அதனால்தான் இழுக்க இழுக்கக் கயிறு இறுகுகிறது. கொலாஜன் சங்கிலி இடப்பக்கமும் பெருஞ்சுருள் வலப்பக்கமும் முறுக்கியிருப்பதை நான் பல ஆண்டு கரும்பலகையில் சொல்லி வந்திருக்கிறேன். அன்றுதான் அது வகுப்பில் உட்கார்ந்தது.

நிரலைத் திருத்துவதில் முதலில் ஒரு குறுக்கு வழி எடுத்தார் தம்பி. முழு உருவத்தையும் ஓர் அச்சில் மைனஸ் ஒன்றால் பெருக்கினார். சுருள் சரியானது, ஒட்டியிருந்த தமிழ்ப் பலகைகள் எல்லாம் கண்ணாடி எழுத்தாகத் திரும்பிக்கொண்டன. பிறகு, கோப்பைப் படிக்கும் இடத்திலேயே எக்ஸ் மதிப்பின் குறியை மாற்றி முறையாகச் சரிசெய்தார்.

வலம்புரி என்ற சொல்

பலகைகளைத் திருத்தும்போது இன்னொரு விஷயம் வெளிவந்தது. வலப்பக்கச் சுருளுக்கு 'வலம்புரி' என்றும் இடப்பக்கச் சுருளுக்கு 'இடம்புரி' என்றும் நான் எழுதியிருந்தேன். நல்ல தமிழ்ச் சொற்கள், புரி என்ற கயிற்றுச் சொல்லும் உள்ளே இருக்கிறது என்று எனக்கு அவற்றின்மேல் ஆசை. விலங்கியல் துறைச் சகோதரி ஒருவர் பார்த்துவிட்டு, இதை மாற்றுங்கள் என்றார்.

அவர் சொன்ன காரணம் நியாயமானது. நாம் அரிதென்று போற்றும் வலம்புரிச் சங்கு, விலங்கியல் கணக்கில் இடச்சுருள் கொண்டது. சாதாரணமாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்குதான் அவர்கள் கணக்கில் வலச்சுருள். சங்கைப் பிடிக்கும் முறையும் பார்க்கும் முனையும் மரபில் வேறு, விலங்கியலில் வேறு. அடுத்த வகுப்பில் மெல்லுடலி பாடம் படிக்கப்போகும் பிள்ளை இங்கே 'வலம்புரி' என்று படித்துவிட்டுப் போனால் குழப்பம் நிச்சயம். 'வலக்கைச் சுருள்', 'இடக்கைச் சுருள்' என்று மாற்றினோம். கட்டைவிரலை அச்சோடு நீட்டிப் பிடித்து, மற்ற விரல்கள் மடங்கும் திசையில் சுருள் ஏறுகிறதா என்று எந்தக் கையால் ஒத்துப்போகிறதோ அந்தக் கை. தன் இரு கைகளையும் கொண்டே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய சொல் என்பதால் இதுவே நின்றது.

இரண்டாம் வடிவம்

பறப்பு, இசை, கருநீல வெளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். வெள்ளைப் பின்னணி. அளவை ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு இரண்டு சென்டிமீட்டராகக் குறைத்தோம். சுருள் இப்போது ஏறத்தாழ ஓர் ஆள் உயரத் தூண். விட்டம் ஒரு முழத்துக்கும் குறைவு. மாணவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். தூணைத்தான் கையால் பிடித்துத் திருப்புவார், இறக்குவார். யாருக்கும் தலை சுற்றவில்லை.

செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று. தூணின் மேல்முனையிலிருந்து கீழே பார்த்து நடு அச்சைக் கண்டுபிடிக்கவேண்டும். அங்கே எட்டிப்பார்க்கும் கிளைசின் ஒன்றின் ஹைட்ரஜனைப் பிடுங்கிவிட்டு, அலனினின் பக்கக் கிளையான மெத்தில் தொகுதியை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) அதே இடத்தில் வைக்க முயலவேண்டும். இந்த அளவில் ஹைட்ரஜன் ஓர் எலுமிச்சம்பழம் மாதிரி, மெத்தில் ஒரு சாத்துக்குடி மாதிரி. எலுமிச்சை இருந்த இடுக்கில் சாத்துக்குடி போகாது. இடிக்கும் அணுக்கள் சிவக்கும்.

இங்கே முதுநிலை மாணவி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "போகவே போகாதுன்னா, இந்தப் பெப்டைடையே எப்படி மேடம் படிகமாக்கினாங்க? இதுல அலனின் இருக்குல்ல?" கேட்கவேண்டிய கேள்வி. உண்மையில் அலனின் உள்ளே போகிறது. அதற்குச் சுருள் விலை கொடுக்கிறது. அந்த இடத்தில் முறுக்கு சற்றுத் தளர்கிறது, சங்கிலிகள் விலகுகின்றன, சங்கிலிக்குச் சங்கிலி நேராக இருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, இடையில் நீர் மூலக்கூறுகள் புகுந்து பாலம் போடுகின்றன. நாங்கள் "போகாது" என்று மட்டும் காட்டியிருந்தால் அது இன்னொரு பாதிப் பொய். எனவே மாணவர் முயன்று தோற்றபிறகு, தூணை மெதுவாக மேலே நகர்த்தி நடுப்பகுதிக்கு வரச் செய்தோம். அங்கே இயற்கை அதை எப்படிச் சமாளித்திருக்கிறது என்பதை உண்மையான ஆயங்களோடு (அணுக்கள் இருக்கும் இட எண்கள்) பார்க்கலாம்.

எலும்பு நொறுங்கும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா நோயில் பலருக்கு நடப்பது இதுபோன்ற மாற்றம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒரு கிளைசின் மாறியிருக்கும். அந்த வீங்கிய இடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த மாணவி ஹெட்செட்டைக் கழற்றாமலே கேட்டாள்: "இவ்வளவுக்கா மேடம் எலும்பு உடையுது?" ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன் கூடுதல். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எதையும் விளக்கவில்லை.

ஹெட்செட்டை மாட்டும் முன் ஒருமுறையும் கழற்றியபின் ஒருமுறையும் அதே குறுக்குவெட்டுப் படத்தை வரையச் சொன்னோம். முன்னால் வரைந்ததைப் பின்னால் வரைந்ததோடு ஒட்டி வைத்தோம்.

இரண்டு ஹெட்செட் ஒரு வகுப்புக்குப் போதாது. மாணவர்களின் கைபேசியில் ஏ.ஆர். (கேமராக் காட்சியின் மேல் உருவத்தை வைத்துக் காட்டும்) வடிவத்தையும் கொடுத்தோம், கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அதே சுருள் மேசைமேல் நிற்கும். அதில் அணுவைப் பிடுங்க முடியாது, திருப்பிப் பார்க்கலாம். காத்திருக்கும் நேரத்துக்கு அது உதவியது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஏதும் இல்லை.

பின்னர் நடந்தது

இரண்டாம் வடிவத்தைப் பார்த்தபின் வரைந்த படங்களில் கிளைசின் நடுவுக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய எல்லோருக்கும். சில வாரம் கழித்து இன்டர்னல் தேர்வில் அதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டேன்: நடு அச்சில் செரின் வந்தால் என்ன ஆகும்? பலர் "இடிக்கும்" என்ற சொல்லையே எழுதியிருந்தார்கள். மனப்பாட விடையில் அந்தச் சொல் இருந்ததில்லை.

ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு பற்றிய கேள்வியில் எந்த முன்னேற்றமும் இல்லை. கண்ணுக்கு முன்னால் கோடாகத் தெரிந்ததை யாரும் கவனிக்கவில்லை, அவர்கள் கைக்கு அதில் வேலை இல்லாததால். எந்தச் சங்கிலியின் எந்த அணுவிலிருந்து எந்த அணுவுக்கு என்று அவர்களையே கோடு இழுக்க வைத்திருக்கவேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறொன்று. முதல் நான்கு அணிகளைச் சேர்ந்த சிலர், தவறு என்று சொல்லி, கயிறு கொடுத்து, சரியான வடிவத்தையும் காட்டிய பிறகும், தேர்வில் பெருஞ்சுருளை இடக்கைச் சுருளாகவே வரைந்திருந்தார்கள். முதலில் பார்த்தது அப்படியே நின்றுவிட்டது. அவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். ஒருவர் சொன்னார்: "சரியானது எதுன்னு தெரியும் மேடம். வரையும்போது கை அதைத்தான் வரையுது."

தம்பியின் அதே நிரலைக் கொண்டு விலங்கியல் துறைக்கு டி.என்.ஏ. காட்சி ஒன்றும் செய்து, பின்னால் வந்த இன்னொரு கண்காட்சியில் வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தோம். வலக்கைச் சுருளாக இருக்கவேண்டிய டி.என்.ஏ. அதிலும் திரும்பியிருந்தது. அந்தக் கண்காட்சிக்கு வந்துபோன பள்ளிப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. வந்த பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்குத் திருத்தத்தைக் கடிதமாக அனுப்பினோம்.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ள மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தார். ஹெட்செட் தரும் ஆழ உணர்வு இரண்டு கண்ணையும் நம்பியது. அவருக்கு அது பெரிதாக உதவவில்லை. எங்களுக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை. அவர் தூணைக் கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்து, எது முன்னால் எது பின்னால் என்று தானே பிரித்துக்கொண்டார். கயிற்றிலும் மணியிலும் செய்த மாதிரிதான் தனக்கு எளிது என்றார்.

அடுத்த முறை மாற்ற நினைப்பவை

எந்த மூலக்கூறையும் மாணவருக்குக் காட்டும் முன் இரண்டு பேர், தனித்தனியாக, கார்ன் விதியை வைத்துக் கையைச் சோதிக்கவேண்டும். நிரல் எழுதியவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக்கூடாது. தூரம் அளப்பதால் மட்டும் போதாது என்பதை எங்கள் சோதனைத் தாளின் முதல் வரியாக எழுதிவிட்டோம்.

காட்சி அமைப்பதற்கு முன் கேள்வியை எழுதிவிடவேண்டும். முதல்முறை நான் தம்பியிடம் சொன்னது "கொலாஜனைக் காட்டணும்". இரண்டாம் முறை சொன்னது "நடுவில் ஏன் கிளைசின் என்று அவங்க கைக்குத் தெரியணும்". எங்களுக்கு அதிக நாள் எடுத்தது இரண்டாவது வாக்கியத்தைக் கண்டுபிடிக்கத்தான். அதன்பிறகு நிரல் வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. நீக்கவேண்டியவை என்னென்ன என்பது அந்த வாக்கியத்திலிருந்தே தெரிந்துவிட்டது. ஹைட்ரஜன் பிணைப்புக்கு அதே வகுப்பில் இடம் தேடாமல் தனியாக இன்னொரு காட்சி, தனியாக இன்னொரு கேள்வி வைக்கப்போகிறோம். இரண்டு பிணைப்பா ஒன்றா என்ற சென்னை, கேம்பிரிட்ஜ் விவாதத்தையே அதன் கேள்வியாக்க எண்ணம்.

கயிற்று மாதிரி இனி மாற்று ஏற்பாடு அல்ல, முதல் ஏற்பாடு. எல்லோரும் முதலில் கயிற்றைத் திரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்செட்டை மாட்டுவார்கள். அந்தப் பையன் இந்த ஆண்டோடு படிப்பை முடித்துப் போகிறான். போகும் முன் லேப் உதவியாளர் அண்ணனுக்கு மூன்று புரி திரிப்பதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இரண்டு முறுக்கிலும் ஆளுக்கொரு முழம் வருமாறு ஒரு சாக்கு நிறையக் கயிறு பீரோவில் இருக்கிறது.

தவறான அந்தக் கோப்பை அழிக்கவில்லை. ஜூனில் வரும் வகுப்புக்கு அதையும் சரியானதையும் அருகருகே, பெயர் எதுவும் போடாமல் நிறுத்திவைத்து, நம் உடலில் இருப்பது எது என்று கேட்கப்போகிறோம்.